மூடிக்கணக்கு போதாது: மில்லி லிட்டர் முதல் டி.எம்.சி. வரை மாற்றிப் பழக ஒரு வழிகாட்டி

"தம்பி, ஒரு டேங்குக்கு எத்தனை மூடி ஊற்ற வேண்டும்?"

காவேரிப்பட்டணத்தில் விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். தக்காளிக்கும் மாமரத்துக்கும் மருந்தடிக்கும் பருவத்தில் இந்தக் கேள்வி நாளைக்குப் பத்து முறையாவது வரும். கேட்பவர் கையில் போன வருடத்துப் புட்டியின் மூடி இருக்கும். அதில் எவ்வளவு பிடிக்கும் என்று திருப்பிக் கேட்டால், "ஒரு மூடி பிடிக்கும்" என்பார். சிரிக்க வேண்டாம். கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும், பால் சங்கத்திலும் மாங்கூழ் ஆலையிலும் முதல் மாதம் தடுமாறுகிறவர்களும் இதே தவற்றைத்தான் வேறு உருவத்தில் செய்கிறார்கள். ஆயிரம் மில்லி லிட்டர் ஒரு லிட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். 0.3 லிட்டர் என்றால் டம்ளரா, சொம்பா, குடமா என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

ஆகவே வேலை பழக வருபவர்களுக்கு முதல் நாள் நான் வாய்ப்பாடு கொடுப்பதில்லை. அட்டையும் கத்தரிக்கோலும் கொடுக்கிறேன்.

முதல் வேலை: லிட்டரைக் கண்ணால் பார்ப்பது

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் வரும்படி அட்டையில் ஒரு பெட்டி செய்யுங்கள். 10 × 10 × 10 = 1,000 கன சென்டிமீட்டர். அந்தப் பெட்டிக்குள் அடங்குவதுதான் ஒரு லிட்டர். சர்க்கரைக்கட்டி போல ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு சிறு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மில்லி லிட்டர். ஊசி போடும் கம்பவுண்டர் சொல்லும் 'சிசி'யும் அதுவேதான். கன சென்டிமீட்டருக்கும் மில்லி லிட்டருக்கும் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. இனிப் பெரிய பெட்டி: பக்கத்துக்கு ஒரு மீட்டர். அதில் நம் அட்டைப் பெட்டிகள் ஆயிரம் அடங்கும். அது ஒரு கன மீட்டர், அதாவது ஒரு கிலோ லிட்டர், 1,000 லிட்டர்.

தண்ணீர் என்றால் கணக்கு இன்னும் எளிது. ஒரு மில்லி லிட்டர் ஏறக்குறைய ஒரு கிராம், ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ, ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன். மாட்டுக்கொட்டகையின் மேல் 1,000 லிட்டர் தொட்டியை ஏற்ற நினைப்பவர், கூரையில் ஒரு டன் உட்காரப்போகிறது என்பதை நினைத்துக்கொண்டு ஏற்றட்டும்.

(இதில் ஒரு பழைய கூத்து உண்டு. பிரான்சில் 1795-இல் லிட்டரைப் பெட்டிக் கணக்கில்தான் வரையறுத்தார்கள். 1901-இல் அதை மாற்றி, ஒரு கிலோ தண்ணீர் பிடிக்கும் இடமே லிட்டர் என்றார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியதில் பத்து லட்சத்தில் 28 பங்கு வித்தியாசம் வந்தது. 1964-இல் மறுபடி பெட்டிக்கே திரும்பினார்கள். நம் டேங்குக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது.)

இரண்டாம் வேலை: புள்ளியை நகர்த்துவது

பாடப்புத்தகத்தில் ஏழு படிகள் இருக்கும்: மில்லி, சென்டி, டெசி, லிட்டர், டெக்கா, ஹெக்டோ, கிலோ. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. நம் ஊர்ப் புழக்கத்தில் உயிரோடு இருப்பவை மில்லி லிட்டர், லிட்டர், கிலோ லிட்டர் ஆகிய மூன்றே. மற்றவற்றில் டெசி லிட்டர் மட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளில் எட்டிப் பார்க்கும். ஹீமோகுளோபின் டெசி லிட்டருக்கு 12 கிராம் என்றால், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 12 கிராம் என்று பொருள். சென்டி லிட்டர் வெளிநாட்டுப் புட்டிகளில் இருக்கும். 75 சென்டி லிட்டர் என்பது 750 மில்லி லிட்டர். டெக்காவையும் ஹெக்டோவையும் தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம்.

உயிரோடு இருக்கும் மூன்றுக்கும் இடையே எப்போதும் ஆயிரம்தான். ஆகவே தசமப் புள்ளியை மூன்று இடம் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். சில்லறை மாற்றுவதை நினைத்தால் போதும்: நூறு ரூபாய் நோட்டைப் பத்து ரூபாயாக மாற்றினால் தாள்களின் எண்ணிக்கை கூடும். சிறிய அலகுக்குப் போனால் எண் பெருகும், பெரிய அலகுக்குப் போனால் எண் சுருங்கும். 2.5 லிட்டர் 2,500 மில்லி லிட்டர். 40 மில்லி லிட்டர் 0.04 லிட்டர். 6,000 லிட்டர் 6 கிலோ லிட்டர். 0.75 லிட்டரைப் பார்த்து 75 மில்லி லிட்டர் என்று எழுதுகிறவர் வருடத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். அவரிடம் "முக்கால் லிட்டர் எவ்வளவு?" என்று கேட்டால் சட்டென்று 750 என்கிறார். பேச்சுத் தமிழில் இருக்கும் கணக்கு, தாளில் இறங்கும்போது காணாமல் போகிறது.

அதனால் நான் பின்னப் பெயர்களையே கைப்பிடியாகக் கொடுக்கிறேன். கால் லிட்டர் 250, அரை 500, முக்கால் 750. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, 125. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, 62.5. எந்தத் தசம எண் வந்தாலும் முதலில் அது அரைக்குப் பக்கமா, காலுக்குப் பக்கமா, மாகாணிக்கும் கீழா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 0.3 லிட்டர் காலுக்குச் சற்று மேல். ஆகவே விடை 300-ஆகத்தான் இருக்க முடியும், 30-ஆகவோ 3,000-ஆகவோ இருக்காது. கைப்பேசியில் தட்டினால் விடை வராதா என்பார்கள். வரும். தவறான எண்ணைத் தட்டினாலும் அதே வேகத்தில் வரும்.

மூன்றாம் வேலை: டேங்குக் கணக்கு

இங்கேதான் நான் ஒரு முறை சறுக்கினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவருக்குச் சீட்டில் 'லிட்டருக்கு 2.5 மி.லி.' என்று எழுதிக் கொடுத்தேன். கார்பன் தாளில் அழுத்தம் போதாமல் புள்ளி விழவில்லை. அவர் 25 என்று படித்தார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து, "ஒரு டேங்குக்கே புட்டி பற்றவில்லையே, பெரிய புட்டி இல்லையா?" என்று கேட்டார். 250 மில்லி லிட்டர் புட்டி. 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி லிட்டர் போக வேண்டியது, புட்டி முழுவதும் போயிருந்தது. அடித்த வரிசைகளில் இலை ஓரம் கருகி, சுருட்டிய பீடி இலை போல ஆகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து 2.5 என்று எழுதினால் பக்கத்தில் 'இரண்டரை' என்றும் எழுதுகிறேன். அரைக்கு .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுகிறேன். முன்னால் ஒரு பூஜ்யம் நின்றால், புள்ளி அழிந்தாலும் படிப்பவருக்குச் சந்தேகமாவது வரும்.

கணக்கு இதுதான். லிட்டருக்குச் சொன்ன அளவை டேங்கின் லிட்டரால் பெருக்குங்கள். லிட்டருக்கு 2 மில்லி லிட்டர், டேங்கு 16 லிட்டர்: 32 மில்லி லிட்டர். அதே மருந்துக்கு 10 லிட்டர் டேங்கு என்றால் 20. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் தேவை என்றால் 200 ÷ 16 = பன்னிரண்டரை டேங்கு, மருந்து 400 மில்லி லிட்டர். பன்னிரண்டு டேங்கு முழுதாகவும் கடைசியில் 8 லிட்டருக்கு 16 மில்லி லிட்டரும் கலக்க வேண்டும். அரை டேங்குக்கு முழு அளவை ஊற்றிவிடுவது பழக்கதோஷத்தில் வரும் தவறு.

துண்டுச்சீட்டில் ஹெக்டேர்க் கணக்கு இருந்தால் இன்னொரு படி கூடும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 500 மில்லி லிட்டர் என்றால் ஏக்கருக்கு 500 ÷ 2.47, சுமார் 200. ஹெக்டேர் அளவை ஏக்கருக்கு ஊற்றினால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். சதவீதமாக வந்தால் இன்னும் எளிது: ஒரு சதவீதம் என்பது லிட்டருக்கு 10 மில்லி லிட்டர். பஞ்சகவ்யம் 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30, 16 லிட்டர் டேங்குக்கு 480, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீரில் அதை லிட்டருக்கு ஒரு மில்லி கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். தர்மபுரிக்காரர்களுக்கு இந்த அலகைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்ற அந்த எண், பல் கறையாகவும் வளைந்த எலும்பாகவும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களுக்குத் தெரியும். 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. 15 லிட்டர் குடத்தில் 1.5 பி.பி.எம். இருந்தால் குடம் முழுவதற்கும் 22.5 மில்லி கிராம். உப்புக்கல் அளவுகூட வராத ஒரு பொருள் வருடக்கணக்கில் செய்யும் வேலை அது.

இனி மூடிக்கு வருவோம். அப்படிக் கேட்க வந்த பெரியவர் ஒருவரின் மூடியை மேசையில் வைத்து, ஊசியில்லாத 10 மில்லி லிட்டர் சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். விளிம்புவரை 18 மில்லி லிட்டர் பிடித்தது. உள்வளையம் வரை 13. அவர் எந்த வளையம்வரை ஊற்றிக்கொண்டிருந்தார் என்று அவருக்கே நினைவில்லை. "கை போன போக்கில்தான் அப்பா" என்றார். இரண்டு மூடி என்றால் 26-உம் ஆகலாம், 36-உம் ஆகலாம். வேறு கம்பெனி மூடி என்றால் இந்த எண்களும் பொய். நூறு மில்லி லிட்டர் அளவுக்குவளை ஒன்றும் சிரிஞ்சு ஒன்றும் வாங்கி டேங்கோடு கட்டித் தொங்கவிடுங்கள். லிட்டருக்கு 0.3 மில்லி லிட்டர் போன்ற அளவுகளுக்குச் சிரிஞ்சு இல்லாமல் முடியாது. 16 லிட்டருக்கு 4.8 மில்லி லிட்டர்தான், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. தேக்கரண்டி என்றதும் அடுக்களைக்குப் போக வேண்டாம். மருந்து தொட்ட கரண்டியும் குவளையும் வீட்டுக்குள் திரும்பி வரவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, குவளையைச் சமதரையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அளவு மாறித் தெரியும். திரவத்தின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழியின் அடிப்பகுதி தொடும் கோடுதான் அளவு.

நான்காம் வேலை: கிலோவையும் லிட்டரையும் பிரித்து வைப்பது

தண்ணீரில் கற்ற 'ஒரு லிட்டர் ஒரு கிலோ' என்பதை எல்லாத் திரவத்துக்கும் நீட்டுவது அடுத்த வழுக்குப் பாறை. பால் தண்ணீரைவிடக் கனம். லிட்டருக்குச் சுமார் 1.03 கிலோ. கொழுப்பைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். 40 லிட்டர் கேனில் இருப்பது சுமார் 41.2 கிலோ பால். எடைமேடை 309 கிலோ காட்டினால் அது 309 லிட்டர் அல்ல. 309 ÷ 1.03 = 300 லிட்டர். இந்த ஒன்பது லிட்டரை யார் கணக்கில் எழுதுவது என்று மாதக் கடைசியில் சண்டை வரும். கறந்த பால் நுரையோடு அளவையில் நின்றால் இன்னொரு பக்கம் கணக்கு போகும்; நுரை அடங்கட்டும்.

எண்ணெய் மறுபுறம். கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான். ஒரு கிலோ பொட்டலமும் ஒரு லிட்டர் பொட்டலமும் ஒரே விலையென்றால் கிலோவையே வாங்குங்கள், ஏறக்குறைய நூறு மில்லி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும். தேன் லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, ஆகவே ஒரு கிலோ தேன், முக்கால் லிட்டர் புட்டியைக்கூட நிரப்பாது.

மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெங்களூரா மாம்பழக் கூழ் டின்னில் 3.1 கிலோ என்று அச்சிட்டிருப்பார்கள். பீப்பாய்க்குள் வைக்கும் பையில் 215 கிலோ. இரண்டும் எடை. கூழில் சர்க்கரை இருப்பதால் அது தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்கு 1.05 கிலோவுக்கு மேல். 215-ஐ 1.05-ஆல் வகுத்தால் 205 லிட்டருக்குள் வருகிறது. பீப்பாயோ 55 அமெரிக்கக் காலன், ஒரு காலன் 3.785 லிட்டர், ஆக 208 லிட்டர். 215 கிலோ எப்படி 208 லிட்டர் பீப்பாயில் அடங்குகிறது என்று திகைத்த பையனுக்கு விடை இதுதான். இங்கிலாந்துக் காலன் வேறு, 4.546 லிட்டர், பழைய பம்புசெட் தகட்டில் காலன் என்று இருந்தால் எந்த நாட்டுக் காலன் என்று பாருங்கள்.

படி, ஆழாக்கு பற்றியும் கேட்பார்கள். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்து, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பாட்டி வீட்டுப் படி இன்னும் பரணில் இருக்கலாம். அதை எந்த எண்ணாலும் பெருக்காதீர்கள். ஊருக்கு ஊர் படி மாறும். முத்திரையிட்ட லிட்டர் அளவையால் தண்ணீர் ஊற்றி அளந்து, அந்தப் படியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் வேலை: தொட்டி, மழை, அணை

தொட்டியை மீட்டரில் அளந்தால் பெருக்கி வருவது கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 4.5 கன மீட்டர், 4,500 லிட்டர். கொத்தனார் அடியில்தான் சொல்வார். ஒரு கன அடி 28.3 லிட்டர். 8 × 6 × 5 அடி சம்ப் 240 கன அடி, சுமார் 6,800 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் டிராக்டர் தொட்டி வந்தால் முழுவதையும் வாங்கிக்கொள்ளும்; பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியை வரவழைத்தால் மீதிப் பாதிக்கும் காசு கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

சொட்டுநீரில் ஒரு சொட்டுவான் மணிக்கு 4 லிட்டர் விடும் என்றால், 150 மாமரத்துக்கு மரத்துக்கு நான்காக 600 சொட்டுவான்கள், மணிக்கு 2,400 லிட்டர், அதாவது 2.4 கன மீட்டர். பம்பு விற்பவர் 'வினாடிக்கு லிட்டர்' என்று பேசினால் 3.6-ஆல் பெருக்குங்கள், மணிக்குக் கன மீட்டர் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றல் மழை. ஒரு மில்லி மீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் சரியாக ஒரு லிட்டர். பெருக்கல், வகுத்தல் எதுவும் வேண்டாம். ஒரு சென்ட் நிலம் 40.47 சதுர மீட்டர். ஆக ஒரு மில்லி மீட்டருக்கு 40 லிட்டர், இரண்டரைக் குடத்துக்குச் சற்று மேல். 30 மில்லி மீட்டர் பெய்த இரவில் ஓர் ஏக்கரில் விழுந்தது சுமார் 1.21 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி பத்து, வாடகையில்லாமல். தண்ணீர் லாரிக்காகக் கோடையில் தெருமுனையில் நின்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

செய்தித்தாளில் கிருஷ்ணகிரி அணைக்கு வினாடிக்கு 500 கன அடி நீர்வரத்து என்று படித்தால், 28.3-ஆல் பெருக்கி வினாடிக்கு 14,150 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கன அடி மெட்ரிக் அலகு அல்ல. அணைக் கணக்கு மட்டும் இன்னும் அதை விடவில்லை. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,832 கோடி. நம் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஏற்றினால் 23 லட்சத்து 60 ஆயிரம் நடை.

பழகிப் பார்க்க

ஒன்று: 20 லிட்டர் டேங்கு, லிட்டருக்கு ஒன்றரை மில்லி லிட்டர் மருந்து; எவ்வளவு? இரண்டு: எடைமேடையில் 51.5 கிலோ பால், எத்தனை லிட்டர்? மூன்று: 0.06 லிட்டர் என்பது மாகாணிக்கு மேலா, கீழா? நான்கு: 5 சென்ட் வீட்டுமனையில் 12 மில்லி மீட்டர் மழை, எத்தனை லிட்டர்? ஐந்து: ஒகேனக்கல்லில் வினாடிக்கு 10,000 கன அடி தண்ணீர் ஓடுகிறது, ஒரு வினாடியில் எத்தனை லாரி நிரம்பும்?

விடைகள்: 30 மில்லி லிட்டர். 50 லிட்டர். 60 மில்லி லிட்டர், ஆகவே மாகாணிக்கு இரண்டரை மில்லி லிட்டர் கீழ். சுமார் 2,430 லிட்டர். ஐந்தாவதற்குச் சுமார் 2.83 லட்சம் லிட்டர், இருபத்துமூன்றரை லாரி. நீங்கள் 'இருபத்துமூன்றரை' என்று வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள்.